பித்தளை அண்டாவைத் தொடும் வழக்கம்

பொய் சொன்னது நீங்கள்தான், சார். கல்லூரியில் உணவு விழா நடத்துகிற பேராசிரியர் நீங்கள். படித்தவர். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று இனிமேல் நீங்கள் சொல்ல முடியாது. அது பொய் என்று நானே உங்கள் அறைக்கு வந்து சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் பலகை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கல்லூரி வாசலை ஒட்டி, என் கடைக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு நிற்கிறது அந்தப் பலகை. அதில் என் படம். ஒரு பித்தளை அண்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறேன். பார்ப்பவர்களுக்குக் கும்பிடுவது போலத் தெரியும். உண்மையில் வெயில் கண்ணில் அடித்தது. படத்துக்குக் கீழே மூன்று வரி. ‘இந்த மண்ணின் உணவு. மூன்று தலைமுறையாகக் கம்மங்கூழ் காய்ச்சிவரும் குடும்பம். உணவைத் தொடும் முன் பித்தளையைத் தொட்டு மண்ணை வணங்குவது இப்பகுதிப் பெண்களின் மரபு.’

என் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செய்துவந்த வேலை என்று எதுவும் கிடையாது. பட்டாசு வேலைகூட இரண்டு தலைமுறைதான். அதற்கு முன்னால் அடுத்தவர் காட்டில் களை வெட்டினோம். கூழ் காய்ச்ச நான் கற்றுக்கொண்டது போன வருஷம், செல்போனில். சொல்லிக்கொடுத்தது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அடுப்படியில் நின்றுகொண்டு முகத்துக்கு அத்தனை பவுடர் போட்டிருந்தாள்.

யார் மேல் கோபப்பட்டு இதை எழுதுகிறேன் என்று எனக்கே சில நேரம் பிடிபடவில்லை. உங்கள் மேல் என்றுதான் ஆரம்பித்தேன். எழுத எழுத அது என் பக்கமும் திரும்புகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் சரம் பின்னினேன். சின்னச் சின்ன வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து மாலையாகப் பின்னுகிற வேலை. என் வீட்டுக்காரரும் அதே கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். கம்பெனிகள் எல்லாம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த சமயத்தில் அவர் விருதுநகரில் ஒரு புரோட்டாக் கடைக்கு எடுபிடியாகப் போனார். மூன்றாவது மாதம் மாவு பிசைந்தார். ஆறாவது மாதம் வீசினார். கம்பெனியை மறுபடி திறந்தபோது, “நான் வரல, எனக்கு இதான் கைக்கு வருது” என்று சொல்லிவிட்டார். கொஞ்ச காலம் கழித்து நானும் வேலையை விட்டேன். உங்கள் கல்லூரி வாசலில், மதில் சுவரை ஒட்டித் தகரம் போட்ட ஒரு இடத்தில், கடை ஆரம்பித்தோம்.

இடம் கல்லூரியுடையது. ஒவ்வொரு ஜூன் மாதமும் இன்னும் ஒரு வருஷத்துக்கு இருந்துகொள்ளலாம் என்று ஒரு காகிதம் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் வரவில்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால், இந்த வயதில் என்னை எந்தக் கம்பெனியும் பின்னலுக்கு எடுக்காது. கண் தெரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த தப்பெல்லாம் இந்தக் காகிதத்தை நினைத்துச் செய்ததுதான்.

எங்கள் கடையில் புரோட்டாவும் சால்னாவும்தான். கல்லில் போட்டதும் உண்டு, எண்ணெயில் பொரித்ததும் உண்டு. மத்தியானம் ஹாஸ்டல் பிள்ளைகள் வருவார்கள். சாயங்காலம் கம்பெனி வேன்கள் வந்து நிற்கும். வேனை அணைக்காமலே டிரைவர் ஹாரன் அடிப்பான். பெண்கள் இறங்கி ஓடி வருவார்கள். சில நாள் அவர்கள் நெற்றியில், காது மடலில், பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி மினுங்கும்.

“ஏக்கா, நாலு பார்சல். சால்னா கெட்டியா ஊத்துங்க. போன தடவை தண்ணியா இருந்துச்சு, எம் மாமியா என்னையத் திட்டுது.”

“உம் மாமியா எதுக்குத்தான் திட்டல?”

“அதுவும் சரித்தான்.”

பகல் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பின்னியவளுக்கு, வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னால் நிற்க உடம்பு கேட்காது. நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பல் முளைத்ததும் சால்னாவில் ஊறிய புரோட்டாத் துண்டைத்தான் கடிக்கும். இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. நடப்பதைச் சொல்கிறேன்.

நீங்கள் விழா விஷயமாக வந்தது போன வருஷம், ஜூனுக்குக் கொஞ்சம் முன்னால். கையில் ஒரு பைல் வைத்திருந்தீர்கள். மரியாதையாகத்தான் பேசினீர்கள், அதை மறைக்க மாட்டேன்.

“நம்ம ஊர் உணவை மாணவர்கள்கிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கணும்மா. பஸ் ஸ்டாண்டு பக்கம் பீட்சா கடை வந்துருச்சு. பிள்ளைங்க எல்லாம் அங்க ஓடுறாங்க.”

“எங்களுக்கும் அதுல ஏவாரம் கொறஞ்சுதான் போச்சு சார்.”

“அதுக்குத்தான் வந்தேன். உங்க கடையிலேயே ஆரம்பிப்போம். நீங்க இங்கயே பிறந்து வளர்ந்தவங்க. வீட்ல என்ன சாப்பிடுவீங்க?”

“கடையில மிஞ்சுன புரோட்டாதான் சார்.”

நீங்கள் சிரித்தீர்கள். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரர் கல்லுக்குப் பின்னாலிருந்து, “சில நாள் மிஞ்சாது சார், அன்னைக்குத்தான் சோறு” என்றார். அதற்கும் சிரித்தீர்கள்.

“அதைக் கேக்கலம்மா. பழைய சாப்பாடு. கம்மங்கூழ், குதிரைவாலிச் சோறு, அந்த மாதிரி. உங்க அம்மா கூழ் காய்ச்சியிருப்பாங்கல்ல?”

“காய்ச்சிருக்காக.”

“அப்ப உங்களுக்கும் தெரியும்.”

உங்கள் பைலின் ஓரத்தில் எங்கள் கடைக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின ஜூனில் கொடுத்த காகிதம், கல்லூரி முத்திரையோடு. எதற்காக அதைக் கொண்டுவந்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தற்செயலாகக்கூட இருக்கலாம். நான் அதைப் பார்த்துக்கொண்டே, “தெரியும் சார்” என்றேன்.

முதல் பொய் என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன்.

அம்மா கூழ் காய்ச்சியது உண்மை. அரிசி வாங்க வழியில்லாத நாட்களில் காய்ச்சினாள். கூழ் வாடை வந்தால், இந்த வீட்டில் இன்றைக்கு அரிசி இல்லை என்று அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்போம். ரேஷன் அரிசி ஒழுங்காக வர ஆரம்பித்ததும் அந்தப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். திரும்ப எடுக்கவேயில்லை. எப்படிக் காய்ச்சுவது என்று எனக்கு அவள் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே செல்போன். கம்பை ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்து, கொதிக்கிற தண்ணீரில் விட்டுக் கிண்ட வேண்டும் என்றாள் கோயம்புத்தூர்க்காரி. முதல் தடவை கட்டி தட்டியது. இரண்டாவது தடவை அடிப்பிடித்தது. மூன்றாவது தடவை என் வீட்டுக்காரர் கரண்டியில் எடுத்து மேலே தூக்கிப் பார்த்தார். அது கீழே விழவில்லை.

“ஏ புள்ள, இது குடிக்கவா, செவுத்துல பூசவா?”

“வாய மூடிக்கிட்டுக் குடிங்க.”

“வாய மூடிக்கிட்டு எப்பிடிக் குடிக்க?”

வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் கம்பு போடுகிற ஒருவர் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். வயசாளி. காலேஜ் வாசலில் கூழ் விற்கப் போகிறோம் என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “இத ஆரு குடிப்பா? மாட்டுக்கா வாங்குறீக?” என்று இரண்டு தடவை கேட்டார். மூட்டையை இறக்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைப் பார்த்து, “என்னலே பாத்துக்கிட்டு நிக்க? ரெண்டு புரோட்டாவப் போடு. பொரிச்சது” என்றார்.

அதற்குப் பிறகுதான் உணவு விழா. கல்லூரி மைதானத்தில் ஓலைப் பந்தல். பந்தல் வாசலில் ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு பெரிய பித்தளை அண்டா. அழகுக்காக வைத்திருந்தீர்கள். உள்ளே தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு. அதனால் என்னோடு வேலை பார்த்த பெண்கள் நாலு பேரை உதவிக்குக் கூப்பிட்டிருந்தேன். அதில் ஒருத்தி எம். புதுப்பட்டிக்காரி. பத்தொன்பது வருஷமும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியவள். வாய் அதிகம். ஆனால் வெளியாள் முன்னால் திறக்க மாட்டாள்.

பட்டாசு வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே நுழையும் முன் உள்ளங்கையை முழுக்க அதில் வைத்து எடுக்க வேண்டும். சேலையும் உடம்பும் உரசி உரசி நம் மேல் ஏறியிருக்கிற கரண்டு அதன் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். இறங்காமல் உள்ளே போய், விரல் நுனியில் ஒரு பொறி தட்டினால் போதும். யாரும் மிஞ்ச மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போர்மேன் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார். தண்ணீர் குடிக்க வெளியே வந்தாலும், திரும்பப் போகும்போது தொட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொடுவோம் என்று எண்ணியதில்லை. கை தானாகப் போகும். வேலையை விட்ட பிறகும் அடுக்களைக்குள் நுழையும்போது சில நாள் குடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறேன். என் வீட்டுக்காரர் பார்த்தால், “கரண்டு எறங்கிருச்சா?” என்பார்.

பந்தல் வாசலில் மஞ்சளாக ஒரு பாத்திரம் இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தோம். ஐந்து பேரும் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டு உள்ளே போனோம். அப்படிச் செய்தோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. பானையை எடுக்க வெளியே வந்து திரும்பப் போகும்போதும் தொட்டோம். வெங்காயத் தட்டைக் கொண்டுபோகும்போதும் தொட்டோம். நீங்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்.

“என்னம்மா, உள்ள போகும்போதெல்லாம் இதைத் தொட்டுட்டுப் போறீங்க?”

புதுப்பட்டிக்காரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

“வழக்கம் சார்” என்றாள் அவள்.

இங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் பக்கத்தில் வெளியாள் கேட்டால் கம்பெனியைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். எங்காவது ஒரு விபத்து நடந்தால், மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடும் கேமராவோடும் ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் ஒருத்தி சொன்னது கம்பெனிக் காதுக்கு எப்படியோ வந்துவிடும். அடுத்த வாரம் அவளுக்கு வேன் நிற்காது. அதனால் எதைக் கேட்டாலும் ‘வழக்கம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஏன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறீர்கள், வழக்கம். ஏன் ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காருவதில்லை, வழக்கம். கேட்டவர்கள் அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் அலுக்கவில்லை.

“சாப்பாட்டைத் தொடுறதுக்கு முன்னாடியா?”

“ஆமா சார்.”

“இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருமா?”

“அனேகமா எல்லாரும் சார்.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று புதுப்பட்டிக்காரி இன்றைக்கும் சாதிக்கிறாள். உங்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “அம்மா, இன்னொரு தடவை தொடுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்” என்றீர்கள். தொட்டேன். வெயில் அடித்தது. கண்ணை மூடினேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டான்.

“அந்தச் சாரு நாம சாமி கும்பிடுறோம்னு நெனச்சுட்டாருக்கா.”

“நல்லவேளை, அண்டாவுக்குச் சூடம் காட்டச் சொல்லல.”

“சூடமா? அடியே, நெருப்புடி! போர்மேன் கொன்னுபோடுவாரு.”

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த மாதம் பலகை வந்தது. பலகையோடு அந்த அண்டாவும் என் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எதையும் என்னால் ஒரு பக்கமாக வைத்துப் பார்க்க முடியவில்லை. கூழ் ஓடியது. நன்றாக ஓடியது. எனக்கும் கை பழகிவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று, அண்டாவை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். “தொட்டுட்டுத்தான் குடிக்கணுமாம்டி, இல்லைன்னா இந்த ஊர்க்காரங்களுக்குக் கோபம் வருமாம்” என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். ஊர்க்காரி நான் அங்கேதான் நின்றேன். கோபம் வந்தது. ஆனால் வேறு காரணத்துக்கு.

ஒருநாள் ஹாஸ்டல் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சு. அண்டாவைப் பார்த்தாள், பலகையைப் படித்தாள், பிறகு உள்ளங்கையை முழுக்க அண்டாவில் வைத்து எடுத்தாள். மற்றவர்கள் யாரும் அப்படித் தொடுவதில்லை. லீவு நாளில் கம்பெனிக்குப் போகிற பெண்ணாக இருக்கும். எந்தக் கம்பெனி என்ற கேள்வி வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவளும் “புரோட்டா இல்லியா அத்தை?” என்று மட்டும் கேட்டாள்.

இல்லை. அதற்குள் உங்கள் உத்தரவு வந்திருந்தது. இந்தப் படிப்பு வருஷத்திலிருந்து கல்லூரி இடத்தில் மைதா கூடாது. என் வீட்டுக்காரர் கல்லைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, சுவரில் சாய்த்து வைத்தார். இப்போது அவர் வெங்காயம் உரிக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை சும்மா மாவு உருட்டுவது போல மடியில் அசையும். பார்க்கப் பொறுக்காது.

அவருக்குச் சர்க்கரை வியாதி. அதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் நானும் பொய் சொன்னவளாகிவிடுவேன். கம்பு சாப்பிடச் சொல்லி டாக்டர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தினமும் கூழ் குடிக்கிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. “அந்தச் சாரு ஒருவகைல நல்லவர்தான் புள்ள” என்கிறார். வெம்பக்கோட்டைக்காரர் இந்த வருஷம் இன்னும் கொஞ்ச நிலத்தில் கம்பு போட்டிருக்கிறார். அவருக்கும் உங்கள் மேல் மரியாதை. இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? உங்களால் நன்மை இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. நன்மைதான் என்று சொல்லவும் முடியவில்லை.

ஏனென்றால் சாயங்காலம் வேன் வந்து நிற்கிறது. முதல் ஒரு வாரம் பெண்கள் வழக்கம்போல இறங்கி ஓடி வந்தார்கள். நான் இல்லை என்றதும் அப்படியே நின்றார்கள். பிறகு வேனே நிற்பதை நிறுத்திவிட்டது. புதுப்பட்டிக்காரி மட்டும் ஒருநாள் டிரைவரைத் திட்டி நிறுத்தி இறங்கி வந்தாள். ஒரு செம்பு கூழ் கொடுத்தேன். குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. நெசமா. செல்போன்லயா படிச்ச?”

“ஆமா.”

“சரி, இத நான் குடிச்சுட்டேன். எம் பிள்ளைகளுக்கு என்னத்த வாங்கிட்டுப் போக? வீட்ல போயி இனி அடுப்பப் பத்த வைக்கணும்.”

நான் செம்பை வாங்கிக் கழுவினேன். அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“இந்த மண்ணின் உணவு. அப்ப நாங்க இம்புட்டு நாளா தின்னது எந்த மண்ணு, அக்கா?”

வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

அடுத்த நாள்தான் நான் உங்கள் அறைக்கு வந்தேன். செல்போனில் கற்றதைச் சொன்னேன். செம்புத் தகட்டைச் சொன்னேன், போர்மேனைச் சொன்னேன். கம்பெனியைப் பற்றி வெளியாளிடம் நான் வாய் திறந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“சொல்ல வேண்டாம். ஒரு நல்ல காரியத்துக்குத்தானே. தவிர, தகட்டைத் தொடுறதும் ஒரு வழக்கம்தானே?”

“சாகாம இருக்கத் தொடுறது சார் அது. கும்பிடுறதில்ல.”

சரி, பலகை இருந்துவிட்டுப் போகட்டும், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேன் பெண்களுக்கு மட்டும் புரோட்டா போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“புரோட்டா நம்ம ஊர் உணவு இல்லம்மா. மைதா எங்கிருந்தோ வந்தது.”

“மொளகாயும் கப்பல்லதான் வந்துச்சுன்னு விழாவுல நீங்கதான் பேசினீக. கூழுக்கு மோர்மொளகா வைக்கோம்ல?”

“அது வேற.”

“எப்பிடி சார் வேற?”

“வந்து ரொம்ப நாளாச்சும்மா.”

“எம்புட்டு நாளானா நம்மூருன்னு ஆகும் சார்?”

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நான் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்டீர்கள். எழுந்து நின்றீர்கள். “ஜூன்ல காகிதம் போடும்போது நிர்வாகம் எல்லாத்தையும் பார்க்கும். அந்தப் பலகை இருக்கிற வரைக்கும் உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாது. அதை மட்டும் நினைவுல வச்சுக்குங்க” என்றீர்கள். அது தைரியம் சொன்னதா, மிரட்டியதா? வீட்டுக்கு வரும் வழி முழுக்க யோசித்தேன். உங்கள் குரல் மென்மையாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் தைரியம் என்கிறார். புதுப்பட்டிக்காரி மிரட்டல் என்கிறாள். எனக்குக் காலையில் ஒன்றாகவும் சாயங்காலம் ஒன்றாகவும் தோன்றுகிறது.

அந்தக் குழப்பத்தில் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. என்னை ஊர்க்காரி என்று பலகையில் ஏற்றினீர்கள். ஆனால் நான் நானாக இருந்தபோது, புரோட்டா போட்டுக்கொண்டு, பட்டாசுக்காரியாக, உங்கள் எதிரில்தானே நின்றேன். அப்போது நான் ஊர்க்காரியாகத் தெரியவில்லை. கூழ் காய்ச்சத் தெரியும் என்று பொய் சொன்ன பிறகுதான் தெரிந்தேன்.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்துக் கடிதம் வந்திருக்கிறது. மரபு உணவைக் காத்ததற்காக மேடையில் பொன்னாடை போர்த்தப் போகிறீர்களாம். இதை எழுதினால் ஜூன் காகிதம் வராது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். வராமல் போகலாம். அவர் முதலில் வேண்டாம் என்றார். முந்தாநாள் சுவரில் சாய்ந்திருந்த கல்லை எடுத்துத் துடைத்தார். துருப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. “எழுதுறத எழுது” என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணெய் தடவி வைத்தார்.

நான் வருவேன், சார். புதுப்பட்டிக்காரியும் வருவாள். வேனில் வருகிற பெண்கள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வருகிறோம் என்றிருக்கிறார்கள். நீங்கள் அவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்சல் வாங்க நிற்பீர்களே, அப்போது உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான். உங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே கல்லில் போட்டதைத்தான் தின்றார்கள்.

எனக்குப் பொன்னாடை வேண்டாம். மேடையில் மைக்கைப் பிடித்து, அந்தப் பெண்களைப் பார்த்து, ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். பகலெல்லாம் பட்டாசு பின்னிவிட்டுச் சாயங்காலம் அவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிப் போகிற சாப்பாடு இந்த ஊர்ச் சாப்பாடா, இல்லையா? ஆமாம் என்றால் என் கல்லை அடுப்பில் ஏற்ற விடுங்கள். இல்லை என்றால், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம், அறைக்குக் கூப்பிடவும் வேண்டாம். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.